ஏழாம் பாகம் படித்தவர்

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பிடிக்காத இடம் வந்தால் விரலை உள்ளே வைத்து மூடிவிட்டு, ஜன்னல் வழியே கரும்புத் தோட்டத்தைப் பார்ப்பார். அடிக்கடி பார்த்தார்.

எட்டிப் பார்த்தேன். நான் எழுதியதுதான். சென்னையில் மனிதர்களோடு கலந்து வாழும் ஒரு மோகினியின் கதை, ஏழாம் பாகம்.

யாரென்று சொல்லாமல், "நல்லா இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"மொத பாகத்துல அந்த மோகினி வாடகைக்கு வூடு தேடி அலைஞ்சிக்கினு இருந்தா. பேய்னு தெரிஞ்சி இல்ல, தனியா இருக்கற பொம்பளைன்னு யாரும் குடுக்கல. அழுதுட்டேன். இதுல மந்திரத்துலயே பங்களா வந்துடுச்சி. இனிமே அவளுக்கு இன்னா கவலை, எனக்கு இன்னா கவலை?"

மறுபடி வெளியே பார்த்தார். "எழுதறவரு சொந்த வூடு கட்டிட்டாரு போலங்க."

என் மடியில் இருந்த பை நிறைய, ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள். என் புதுமனை புகுவிழாவுக்கு உறவினர்களை அழைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் பையைப் பார்த்துவிட்டார். "இன்னா விசேஷம்ங்க?"

"அக்கா பொண்ணுக்குக் கல்யாணம்."

"நல்லா இருக்கட்டுங்க" என்று, இல்லாத அந்தப் பெண்ணை மனதார வாழ்த்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

கடைசி அத்தியாயத்தில் மோகினி புதுமனை புகுவிழா வைக்கிறாள். அவர் அந்தப் பக்கத்துக்குப் போவதற்குள் சங்கராபுரம் வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.