மைக்கில் கேட்ட கல்யாணம்

வல்லக்கோட்டையைத் தாண்டும்போது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலையை அன்று மதியம்தான் விட்டிருந்தேன். சண்டை ஒன்றுமில்லை. ஒரே இடத்தில் நின்று ஒரே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்தையும் எட்டாவதில் அப்படித்தான் விட்டேன்.

சுங்குவார்சத்திரம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரோட்டோரத் தள்ளுவண்டியில் இடியாப்பம் ஆவி பறந்தது. வண்டிக்கார அக்கா தென்காசிப் பக்கம் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"காலு என்ன இப்படி வீங்கிக் கெடக்கு? இருந்து சாப்புடுங்க."

பக்கத்து ஸ்டூலில் ஒரு ஏட்டம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே இருக்கும் சந்திப்பில் அவருக்குப் பாயின்ட் டூட்டி. ஷிப்டு பஸ்கள் வருவதற்குள் சாப்பிட வந்திருந்தார்.

"இன்னா, செருப்ப கையில வச்சிகினு வர்ற? யாரயாச்சும் அடிச்சிட்டியா?"

"வேலைய விட்டுட்டேன் மேடம்."

"நல்லா கீது. நான் விட முடியாம கீறேன், இவரு விட்டுட்டாராம்."

அவர் தட்டை வாங்க எழுந்தபோது தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி கீழே விழுந்தது. போலீஸ்காரர்கள் அதை மைக் என்பார்கள். கிளிப் உடைந்திருந்தது. வண்டிக்கார அக்கா தன் கொண்டையிலிருந்த சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றி, மைக்கை ஏட்டம்மாவின் தோள்பட்டியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினார். "இனி விழாது" என்றார்.

சாப்பிட்டுக் கிளம்பிய லாரி டிரைவர் ஒருவர், "நீங்க அக்கா தங்கச்சியா?" என்று கேட்டார். "ஆமா, எங்க அக்கா" என்றார் வண்டிக்கார அக்கா. டிரைவர் போனதும் ஏட்டம்மா தட்டைத் தள்ளி வைத்தார். நான் ஒருவன் உட்கார்ந்திருப்பதை இருவரும் கணக்கில் எடுக்கவில்லை. வழிப்போக்கன் முன்னால் யாரும் எதையும் பேசுவார்கள்.

"தெனமும் இந்தப் பொய்யி."

"பொறவு என்ன சொல்லச் சொல்லுத? பழைய ஸ்டேஷன்ல நம்ம விஷயம் தெரிஞ்சதும் உன்ன என்ன பாடு படுத்துனாவ. ஒருத்தியும் கூட உக்காந்து சாப்புடல. எந்தத் திருவிழான்னாலும் உன்னையே வெயில்ல நிப்பாட்டுனாவ. மறந்துட்டியா?"

"மறக்கல. அதுக்கு? எங்கம்மா போன் போட்டு கல்யாணம் கல்யாணம்னு அறுக்குது. அடுத்த வாட்டி சொல்லிடப் போறேன். எனக்குக் கல்யாணம் ஆயி ரொம்ப நாளாச்சு, எம் பொண்டாட்டி இடியாப்பக் கடை போட்டுகினு கீறான்னு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பொண்டாட்டி தொவைச்சுப் போட்ட காக்கிய மொதல்ல மடிச்சு வையி."

அப்போது எதிர்த்திசையில் பைக்கை விட்டுக்கொண்டு, ஒற்றைக் கையை ஆட்டியபடி ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

"ஏட்டம்மா, மைக்க அவுருங்க. பட்டன் அமுங்கிகினு கீது."

ரப்பர் பேண்ட் பேசும் பட்டன் மேலேயே விழுந்திருந்தது. ஒருவர் பட்டனை அமுக்கியிருக்கும் வரை மற்றவர்கள் பேச முடியாது, கேட்கத்தான் முடியும். இருங்காட்டுக்கோட்டை வரை நின்றிருந்த போலீஸ்காரர்களும், ஜீப்பிலிருந்த இன்ஸ்பெக்டரும் கேட்டிருக்கிறார்கள்.

"எல்லாமேவா?" என்றார் ஏட்டம்மா.

"காக்கி மடிக்கிற வரைக்கும்."

சிரிக்கப் போனேன். அந்த இரண்டு முகங்களையும் பார்த்து வாயிலிருந்ததை விழுங்கினேன். ரப்பர் பேண்டை அவிழ்த்ததும் மைக் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு, "சுங்குவார்சத்திரம், பஸ்ஸுங்க வருது, பாயின்டுக்குப் போங்க" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. ஏட்டம்மா தொப்பியை வைத்துக்கொண்டு போனார். பஸ்களுக்கு நடுவே கையை நீட்டிக்கொண்டு என்றும்போல நின்றார்.

அவர் திரும்பி வருவதற்குள் அக்கா தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.

"காலையில ரோல்கால்ல வச்சு நாறடிப்பாவ. ஊருக்குப் போயிருவோம், பிள்ள."

"கடைய மூடிட்டு ஓடுனா நாம ஏதோ தப்புப் பண்ணதா ஆயிடும். காலையில போயி லைன்ல நிக்கிறேன். நிக்க வுட்டாங்கன்னா இங்க. இல்லன்னா நீ சொல்ற ஊரு."

என்னை வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த பஸ்ஸில் நான் எங்கேயாவது போயிருப்பேன். ஆனால் விடிந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் போக மனம் வரவில்லை.

காலையில் ஏட்டம்மா சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். அக்கா ஒரு டப்பாவை என்னிடம் கொடுத்து, "குடுத்துட்டு, அவ மொகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க" என்றார்.

ஸ்டேஷன் கேட் அருகே நின்றேன். முற்றத்தில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஏட்டம்மாவுக்கு இரு பக்கமும் மற்றவர்களுக்கு இருந்த அதே இடைவெளிதான் இருந்தது, யாரும் விலகி நிற்கவில்லை. அதை முதலில் பார்த்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் டூட்டிகளைச் சொல்லி முடித்தார்.

"ஏட்டம்மா, நேத்து மைக்க யாரும் பேச முடியாம புடிச்சி வச்சதுக்கு மெமோ. கிளிப் ஒடைஞ்சா இங்க மாத்திக்கணும். கொண்ட ரப்பர்லயா கட்டுவாங்க?"

"சரிங்கய்யா."

"இன்னொண்ணு." வரிசை அசையவில்லை. "நம்ம ஸ்டேஷன்ல யாருக்குக் கல்யாணம் ஆனாலும் எல்லாருக்கும் டிபன் போடுறது வழக்கம். உங்களுக்கு ஆயி ரொம்ப நாளாச்சாம். டிபன் எங்க?"

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். வயதான எஸ்.ஐ. ஒருவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். அவர் அன்றும் சாப்பிடவில்லை, பிறகும் அந்த வண்டிப் பக்கம் வரவில்லை. ஏட்டம்மா தொண்டையைச் செருமினார்.

"இடியாப்பம்தாங்கய்யா."

"தேங்காப்பால் உண்டுல்ல?"

"உண்டுங்கய்யா."

டப்பாவை வாங்க அவர் கேட்டுக்கு வந்தபோது, முந்தின நாள் பைக்கில் வந்த கான்ஸ்டபிளும் கூடவே வந்தார்.

"எனக்கு ரெண்டு பேருக்குப் பார்சல் ஏட்டம்மா. ரூம்ல ஒருத்தரு இருக்காரு." கொஞ்சம் நிறுத்தினார். "நானும் ரொம்ப நாளா ரூம்மேட்டுன்னுதான் சொல்லிகினு கீறேன். உங்கள மாதிரி மைக்ல சொல்ற அளவுக்குத் தைரியம் இல்ல."

ஏட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொப்பியால் அவர் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

"இவனுக்குப் பாலு நெறைய ஊத்தச் சொல்லு" என்றார் என்னிடம்.

நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எழுந்ததும் சட்டியைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஸ்டேஷன் மொத்தத்துக்கும் நான் ஒருத்தி எப்படிப் பிழிய? பெட்டி ஒட்டுன கைதானே, பெலம் இருக்கும்."

இடியாப்ப அச்சை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நான் பிழிந்த முதல் ஈடு கோணலாக வந்தது. அதுதான் அந்த இரண்டு பேர் பார்சலுக்குப் போனது.