இரண்டாம் முறை வந்த அட்டை

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணில் எனக்குக் காயங்களைக் கணக்கெடுக்கும் வேலை. ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து வாரந்தோறும் கட்டுக்கட்டாக அட்டைகள் வரும். ஆணா பெண்ணா, பிறந்த திகதி, வசிக்கும் பகுதி, காயம், காரணம். பெயர் வேண்டாம் என்று விதி போட்டவன் நான். ஒரே பிறந்த திகதியும் ஒரே பகுதியுமாக இன்னொரு அட்டை வந்தால் எறிந்துவிட வேண்டும் என்பதும் என் விதிதான். எழுத்தர்கள் ஒரே ஆளை இரண்டு தரம் பதிந்து அனுப்புவார்கள். அந்தச் சோம்பேறித்தனத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அட்டைகளைப் பிரிப்பவள் யாழ்ப்பாணத்துப் பெண். ஒருநாள் மூன்று அட்டைகளோடு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணை, இது ரெண்டுதரம் பதிஞ்சதில்லை. ஒரே பொம்பிளைக்கு முதல் விலா, பிறகு தாடை, இப்ப முதுகெல்லாம் சுடுதண்ணிக் காயம். எல்லாத்திலயும் விழுந்தது எண்டுதான் காரணம் போட்டிருக்கு. விழுந்தா முதுகு அவியுமோ?"

"உமக்கென்ன விசரே? விதியைப் பாரும்! இப்பிடிக் குப்பை கிளறினா அறிக்கை எப்ப முடியிறது?"

அவள் மூன்றையும் குப்பைப் பெட்டியில் வீசிவிட்டுப் போனாள்.

மத்தியானம் தேநீருக்குக் கேத்தலைத் தூக்கியபோது கொதிநீர் என் விரலில் தெறித்தது. விழுந்தால் முதுகு அவியுமோ? ஓடிப்போய்க் குப்பைப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். விலா, தாடை, முதுகு. மூன்றிலும் ஒரே பிறந்த திகதி. அட பாவி! எவனோ இந்தப் பெண்ணை அடித்து நொறுக்குகிறான், நான் அந்தத் தடயத்தை எறிந்துகொண்டிருக்கிறேன். என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த அட்டைகளை அனுப்பிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பெயரைச் சொல்லுங்கள், தேடுகிறேன்" என்றாள் தாதி.

பெயர் என்னிடம் இல்லை. பிறந்த திகதியைச் சொல்லிக் கத்தினேன். ஏடுகள் பெயர் வரிசையில்தான் இருக்கின்றன, திகதியை வைத்துத் தேட முடியாது என்றாள். அந்தத் திகதியை எழுதிவைத்து, அந்தப் பெண் மறுபடி வந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு காலையும் நானே கட்டுகளை அவிழ்த்துத் தேடினேன்.

அந்தப் பெண் அவசரப் பிரிவுக்கு வரவில்லை. மூன்றாம் வாரம் பிணவறையிலிருந்து வரும் மரண அட்டைகளோடு வந்தாள். மண்டையோடு பிளந்திருந்தது. காரணம் என்ற இடத்தில் இம்முறை விழுந்ததென்று இல்லை. கணவன், சுத்தியல் என்று இருந்தது.

யாழ்ப்பாணத்துப் பெண்தான் அதைக் கண்டெடுத்தாள். என் முன்னால் வைத்தாள்.

"அண்ணை, அதே பிறந்த திகதி, அதே பகுதி. இதையும் எறியட்டே?"