மூடிவரை ஊற்றிய எண்ணெய்

இரண்டு பெட்டிகள் வந்தன. பெரியதில் எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர், சிறியதில் பவர் ஸ்டியரிங் எண்ணெய்க்கான கூலர். பெரியது தடித்த அகராதி ஒன்றின் அளவு, உள்ளே வரிசை வரிசையாக அலுமினியத் தகடுகள். சிறியது என் கைப்பையில் அடங்கும். மகள் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"வடிவா இருக்கு, என்னம்மா?"

"ஓம்" என்றேன். சிறிய கூலர் ஏன் தேவைப்பட்டது என்று அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். அந்தக் காரணம் பிழை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கார் அவளுடையது. பதினெட்டு வருடப் பழையது, வேகத்துக்கென்றே செய்தது. வார நாட்களில் அவள் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் வேலைக்குப் போய் வருவாள். கார் ஹரோவில் எங்கள் வீட்டு வாசலில் உறையைப் போர்த்துக்கொண்டு கிடக்கும். சனி, ஞாயிறில் காரின் பாகங்களைக் கழற்றிப் பூட்டுவாள். வருடத்தில் நாலைந்து தடவை லண்டனுக்கு வெளியே ஒரு பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோவாள். "போட்டி இல்லையம்மா, சும்மா ஓடுறதுதான்" என்பாள். சும்மா ஓடுவதற்கு எதற்குத் தலைக்கவசம் என்று கேட்டால் சிரிப்பாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது.

இந்த வசந்தத்தில் முதல் தடவையாக நானும் வருகிறேன் என்றேன். வீட்டில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு பயப்படுவதைவிட நேரில் நின்று பயப்படலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யாராவது தூரம் போகிற நாளில் எதுவும் குறையாக இருக்கக் கூடாது. விளக்கில் எண்ணெய், தண்ணீர்ப் போத்தல், அரிசி வாளி, எல்லாம் விளிம்புவரை இருக்க வேண்டும். அரிசி முடிந்துபோனால்கூட முடிந்துவிட்டது என்று வாயால் சொல்லமாட்டோம். அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் சாமியறையில் விளக்கை நிரப்பி ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். எஞ்சின் எண்ணெயைச் சரிபார்த்துவிட்டு, எஞ்சினை மூடும் பொனெட்டைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தாள். ஓரத்தில் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு சிறு குடுவை. அது ஸ்டியரிங் எண்ணெய்க்கு உரியது என்று முன்பு ஒரு நாள் அவள் சொல்லியிருந்தாள். மூடியைத் திருகிப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

கராஜ் தட்டில் அதே எண்ணெய்ப் போத்தல் இருந்தது. அதை எடுத்து வந்து ஊற்றினேன். மூடியோடு சேர்ந்த குச்சியில் இரண்டு கோடுகள் இருந்ததையும் பார்த்தேன். அந்தக் கோடுகளுக்குக் கீழே போகக் கூடாது என்பதற்காகக் கீறியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் மருத்துவமனையில் மருந்தாளர். ஒரு மில்லி கூடிவிட்டால் மற்றவர்களைக் கூப்பிட்டுத் திருத்துகிற வேலை. அந்தக் காலையில் எனக்கு அது எதுவும் நினைவுக்கு வரவில்லை. விளக்குக்கு ஊற்றிய கை அப்படியே இதற்கும் ஊற்றியது. மூடியைத் திருகும்போது எண்ணெய் விரலில் பட்டது. டிஷ்யூவில் துடைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு காரில் ஏறினேன். அவளிடம் சொல்லவில்லை. என் சாமானைத் தொடாதேங்கோ என்று பலமுறை சொல்லியிருக்கிறாள்.

நெடுஞ்சாலையில் ஒன்றும் நடக்கவில்லை. தடத்தில் முதல் இரண்டு ஓட்டத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதில், வளைவு ஒன்றிலிருந்து வெளியே வரும்போது, பொனெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ வந்தது. பனிப்புகார் என்று நினைத்தேன். வெயில் எறித்துக்கொண்டிருந்த நேரத்தில் பனிப்புகார் என்று நினைத்தேன். பிறகு அடியில் செம்மஞ்சளாக ஒரு நாக்கு. கார் புல்லில் ஏறி நின்றது. கதவு திறக்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. மகள் சில வினாடிகள்தான் என்கிறாள். சிவப்பு உடுப்புப் போட்ட இரண்டு பேர் தீயணைப்பானோடு ஓடினார்கள். வெள்ளைத் தூளுக்கு நடுவிலிருந்து அவள் நடந்து வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எனக்கு ஒண்டுமில்லையம்மா, ஐம் ஃபைன்" என்றாள். நான் புல்லில் குந்திவிட்டேன்.

இன்றும் டோஸ்டர் கொஞ்சம் புகைந்தால் மாடிக்கு ஓடி அவள் அறைக் கதவைத் தட்டுகிறேன்.

காரை ஏற்றிவந்து வாசலில் இறக்கினார்கள். அடுத்த நாள் அவள் அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தாள். எங்கும் எண்ணெய். அன்று சாப்பிடும்போது எனக்குப் படிப்பித்தாள். ஸ்டியரிங் எண்ணெய் வெளியேறிச் சூடான எக்ஸோஸ்ட் புகைக்குழாயில் விழுந்து பற்றியிருக்கிறது. தடத்தில் இப்படித் திருப்பித் திருப்பி ஓட்டினால் அது கொதிக்கும்.

"அந்தக் காருக்குக் கொம்பனி போட்ட ஸ்டியரிங் கூலர் வெறும் வளைச்ச பைப் அம்மா. ஒரு யூஸும் இல்லை. என்ஜின் ஒயிலும் அண்டைக்கு சரியான ஹொட். ரெண்டுக்கும் பெரிய கூலர் போடப்போறன்."

"கொதிச்சால் வெளியிலை வருமோ?"

"சும்மா வராது. சூடானால் எண்ணெய் விரியும். அதுக்குத்தான் இடம் விட்டு ஊத்துறது. இது அங்கிள் மாத்தின பைப்பாலைதான் வந்திருக்கு. கிளிப்பை வடிவா இறுக்கேல்லை."

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். அடுப்பில் வைத்த குடத்தைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒன்றும் இல்லை.

அங்கிள் என்று அவள் சொன்னவர், பிளேஸ்டோவில் ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் அண்ணை. என் கணவர் வாங்கிய முதல் காரிலிருந்து எங்கள் கார்களையெல்லாம் பார்த்தவர் அவர்தான். முந்திய மாதம் இந்தக் காரின் ஸ்டியரிங் பைப் ஒன்றை மாற்றித் தந்திருந்தார். மகள் அன்றே அவருக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினாள். நான் அதைப் பிறகுதான் பார்த்தேன். உங்கள் கவனக்குறைவால் நான் செத்திருப்பேன் என்று அதில் ஒரு வரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பிள்ளை எழுதினதை மகனைக் கொண்டு வாசிப்பிச்சனான். நான் கிளிப்பை ரெண்டு தரம் பாத்துத்தான் விட்டனான்."

"அவள் பயத்திலை எழுதியிருப்பாள் அண்ணை."

"பயம் சரி. அந்தப் பைப் கழண்டதோ?"

"தெரியேல்லை."

"கழரேல்லை எண்டால் மூடியாலைதான் வழிஞ்சிருக்கும். அப்பிடி வழியிறதெண்டால் அளவுக்கு மேலை ஊத்தியிருக்க வேணும். ஆராவது ஊத்தினவையோ?"

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தெரியாது அண்ணை" என்றேன்.

அவர் சரி என்று வைத்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், கைக்குள் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் மேல் பழியை விட்டுவிட்டு மறுபடி வேலையைப் பார்த்தேன். சொல்லியிருந்தால் மகள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் எனக்கு முன்னால் நின்றது. அவளுக்கு இருக்கிற ஒரே ஆள் நான். அந்த ஒரு ஆள்தான் அவளை எரிக்கப் பார்த்தது.

கூலர்கள் பூட்ட இரண்டு சனிக்கிழமை எடுத்தது. கருகிய வயர்களையும் பைப்புகளையும் ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தாள். நான் டோர்ச் பிடித்தேன். அவள் முன் பம்பரைக் கழற்றிப் புல்லில் கிடத்தினாள். பெரிய கூலரை ரேடியேட்டருக்கு முன்னால், காற்றுப் படுகிற இடத்தில் வைத்தாள். எண்ணெய் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் தடித்த வளையம் ஒன்று பூட்டினாள். எண்ணெய் சூடான பிறகுதான் அந்த வளையம் கூலருக்கு வழி விடுமாம். குளிரில் எஞ்சினுக்குக் குளிர்ந்த எண்ணெய் கூடாதாம். சிறிய கூலரை ஸ்டியரிங்கிலிருந்து எண்ணெய் திரும்பி வருகிற குழாயில் இணைத்தாள். இவ்வளவையும் எங்கே படித்தாள் என்று தெரியாது. தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருடம் சனிக்கிழமைதோறும் கூட்டிப் போனேன், இன்றைக்கும் 'ழ' வராது.

"அம்மா, டோர்ச் என்ட முகத்துக்கில்லை, பைப்புக்கு."

"பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்."

"காலமையிலை இருந்து நிக்கிறீங்கள். போய்த் தேத்தண்ணி குடியுங்கோ."

"நான் நிக்கிறன்."

"எம்ஆர்ஐ மெஷினுக்கை கிடக்கிற மாதிரி மூச்சு முட்டுது எனக்கு. கொஞ்சம் தள்ளி நிண்டால் போதும்."

ஒவ்வொரு முறை அவள் ஒரு கிளிப்பை இறுக்கும்போதும் "அங்கிள் இப்பிடிச் செய்திருக்கலாம்" என்றாள். நான் எண்ணவில்லை, பல தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாய் திறந்தேன். பிறகு, இது முடியட்டும், வேலை நடுவில் வேண்டாம் என்று மூடிக்கொண்டேன். களைப்பாக இருந்தது. பொய்யைத் தூக்கிக்கொண்டு நிற்பது எட்டு மணி நேர ஷிப்டைவிடக் களைப்பு.

இரண்டாவது சனிக்கிழமை பின்னேரம் எண்ணெய் நிரப்புவது மட்டும் மிச்சம். ஸ்டியரிங்குக்குள் அகப்பட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டும் தாங்கிகளில் தூக்கி இருந்தன. அவள் உள்ளே இருந்து ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க, மறுபக்கம் முழுக்கத் திருப்புவாள். குடுவையில் எண்ணெய் இறங்க இறங்க வெளியே நிற்கிற ஆள் ஊற்ற வேண்டும். அந்த ஆள் நான்.

"கோட்டுக்கு மேலை போகக் கூடாது, என்ன? நான் சொல்லேக்க நிப்பாட்டுங்கோ."

ஊற்றினேன். அவள் திருப்பினாள். குமிழிகள் வந்தன, எண்ணெய் இறங்கியது. மறுபடி ஊற்றினேன். குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்தால், எண்ணெய் கீழ்க் கோட்டில் நின்றது. அதற்கு மேலே குடுவையில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். என் கையில் போத்தல் இன்னும் சரிந்தபடியே இருந்ததை அவள் கார் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"போதும், போதும்! அம்மா!"

"பிள்ளை, நான்தான் ஊத்தினனான்."

"ஓம், தெரியுது, நிப்பாட்டுங்கோ."

"இண்டைக்கில்லை. ரேஸுக்குப் போன அண்டைக்கு. நீ குளிச்சுக்கொண்டு இருக்கேக்க. மூடிவரைக்கும் ஊத்தினனான்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். யன்னலால் முகம் தெரிந்தது. இறங்கி வந்து என் கையிலிருந்த போத்தலை வாங்கி மூடினாள்.

"மூடிவரைக்குமோ?"

"குறையாப் போகக் கூடாதெண்டு."

"வாட்? கார் என்ன கோயில் விளக்கோ?"

சிரிப்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். சிரிக்கவில்லை. வாசல் படியில் போய் இருந்தாள். எண்ணெய்க் கையோடு தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள் உங்களுக்குக் கோல் பண்ணினவர்தானே? என்ன சொன்னனீங்கள்?"

"தெரியாதெண்டு."

"அம்மா."

அவள் தன் ஃபோனை எடுத்து, தான் அனுப்பிய மெசேஜை எனக்கு முன்னால் வாசித்தாள். செத்திருப்பேன் என்ற வரியில் நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "எழுத ஏலாது. நாளைக்கு நேரிலை போவம். நீங்கள்தான் சொல்லவேணும். நான் பிறகு சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரிலேயே போனோம். நோர்த் சேர்க்குலர் சாலையில் நெரிசல். எஞ்சின் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் நடுவில் அசையாமல் நின்றது. வேறு நாளென்றால் அதைக் காட்டிக் காட்டி எனக்குச் சொல்லியிருப்பாள். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்தாள்.

அண்ணை ஞாயிறிலும் வேலை செய்கிறவர். பாலத்துக்குக் கீழே ஒரு வான் வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பவில்லை. நான் அவருக்கு முன்னால் நின்று, அந்தக் காலை நான் செய்ததையும், அவர் கேட்டபோது நான் சொன்னதையும் சொன்னேன். மேலே ரயில் போனதால் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. மகள் எனக்குப் பக்கத்தில் வந்து, "அங்கிள், ஐம் ரியலி சொறி. அப்பிடி எழுதினது பிழை" என்றாள்.

அவர் நட்டுகளை ஒரு டின்னுக்குள் போட்டார். அவளைப் பார்த்து, "நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஆரும் சொல்லேல்லைத்தானே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் மூண்டு கிழமையா நித்திரை கொள்ளேல்லை. அந்தக் கிளிப்பை இறுக்கினனானோ, இல்லையோ? கையிலை இருக்கிற உணர்வை நினைச்சு நினைச்சுப் பாக்கிறன், பிடிபடேல்லை. வந்த கார் ஒவ்வொண்டையும் திருப்பித் திருப்பிக் கழட்டிப் பாத்தனான். அவரின்ரை பிள்ளையை நான்தானோ எரிக்கப் பாத்தது எண்டு."

என் கணவரைத்தான் அவர் என்றார். எனக்கும் அதே மூன்று வாரமும் நித்திரை இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"பொனெட்டைத் திற பிள்ளை" என்றார். அவள் திறந்தாள். அவர் குனிந்து புதுக் குழாய்கள் ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். பெரிய கூலருக்குப் போகிற குழாய் ஒன்று இரும்புச் சட்டத்தின் விளிம்பில் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போய், பழைய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை நீளவாக்கில் பிளந்து கொண்டுவந்தார். மகள் குழாயைப் பிடித்தாள், அவர் ரப்பரைச் சுற்றிக் கட்டினார். இருவரும் எனக்கு முதுகு காட்டி நின்றார்கள். என்னை டோர்ச் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான் அந்த வான் வண்டிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் முடிக்கும்வரை நின்றேன்.