ஆற்றில் மூன்று பிள்ளையார்

படகு ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். வாட்ஸ்அப்பில் பட்டியலும் அனுப்பினேன்: தொப்பி, ரப்பர் செருப்பு, மாற்றுத் துணி, அப்பாவின் கைத்தடி. மூட்டை கட்டும் பொறுப்பை ஏற்ற அத்தை கைத்தடியை மட்டும் மறக்கவில்லை. மற்றபடி வந்தவை: அடுக்குக் கேரியர், கற்பூரம், குங்குமச் சிமிழ்.

கிளம்பும்போது பத்தேகால்.

அப்பா இந்தக் காட்டுப் பாதையில் பல வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். எண்டாவ் ஆற்றின் மேல்பக்கம், பாறையில் குளியல் தொட்டி மாதிரி வட்ட வட்டமாகக் குழிகள் உண்டு என்று கூட ஓட்டியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி, பார்த்ததில்லை. அடுத்த மாதம் அவருக்கு முட்டி ஆபரேஷன். அதற்குப் பிறகு பாறை ஏறுவதை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் சிங்கப்பூர் வேலையில் மன்றாடி இந்த ஒரு நாள் லீவு வாங்கினேன்.

படகோட்டி கம்பத்துக்காரர், ஆற்றோரக் கிராமம்தான் அவருக்கு. மலைப்பக்கம் கறுத்திருப்பதைக் காட்டி, மேலே மழை பெய்தால் ஆறு ஏறிவிடும், ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும் என்று மலாயில் சொன்னார். கைப்பேசியில் அலாரம் வைத்தேன்.

முதல் வளைவிலேயே அத்தை எழுந்து நின்றார்.

"அண்ணே, அந்தப் பாறையப் பாருங்க! தும்பிக்கை, காது, தொந்தி. அப்படியே பிள்ளையார்!"

"உட்காருங்க அத்தை, படகு ஆடுது."

"நிறுத்தச் சொல்லு பாப்பா. ஒரு பொட்டு வச்சிட்டு வந்திடுறேன்."

காட்டில் நெருப்பு கூடாது என்று கற்பூரத்தை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு நிமிஷம் போனது. இரண்டாவது பிள்ளையாருக்குப் பத்து. எனக்கு அது தவளையாகத்தான் தெரிந்தது. மூன்றாவது, நாங்கள் இறங்கிய துறையிலேயே பாதி முழுகிக் கிடந்தது. அத்தை குனிந்து, தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே பொட்டு வைத்தார்.

"இதுல தும்பிக்கை எங்க அத்தை?"

"தண்ணிக்குள்ள இருக்கு லா. எஞ்சினியருக்கு எல்லாத்தையும் வெளிய எடுத்துக் காட்டணுமா?"

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தடியை ஊன்றி ஊன்றி அவர் முதல் குழியை எட்டியபோது, ஒரு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. உள்ளே தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். அப்பா விளிம்பில் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவி, ஒரு உருண்டைக் கல்லை எடுத்தார்.

"இதுதான் உள்ளயே சுத்திச் சுத்திக் குழியக் குடைஞ்சிருக்கு."

அலாரம் அடித்தது. அவர் முகத்தைப் பார்க்காமல், "கிளம்பணும்ப்பா" என்றேன். கல்லை மெதுவாகத் திரும்பப் போட்டுவிட்டுத் தடியைத் தேடினார்.

அப்போது துறையிலிருந்து படகோட்டி கத்தினார். அந்தச் சிவப்புப் பொட்டு இன்னும் காய்ந்தே இருக்கிறதாம், ஆறு ஏறவில்லையாம். தண்ணீர் பொட்டைத் தொட்டதும் கூப்பிடுகிறேன், அதுவரை இருங்கள் என்றார்.

அத்தை என்னையே பார்த்தார். நான் அடுத்த குழியைப் பார்த்தேன்.

நாற்பது நிமிஷம் கிடைத்தது. ஐந்து குழிகளில் கால் நனைத்த அப்பா, ஆறாவதில் சட்டையோடு இடுப்பளவு இறங்கி உட்கார்ந்துவிட்டார். மாற்றுத் துணி என் பட்டியலில் இருந்தது, பையில் இல்லை.

படகோட்டி கூப்பிட்டதும் இறங்கினோம். பொட்டு கரைந்து கோடாக ஓடியிருந்தது. படகில் ஏறியதும் அத்தை, போகிற வழியில் மற்ற இரண்டு பிள்ளையாரையும் கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

"ஆறு ஏறுது அத்தை. முடியவே முடியாது."

என் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய அப்பா சொன்னார்: "ரெண்டு நிமிஷம்தானேம்மா."