அரத்தில் அடித்த கத்தி

திண்டிவனத்தில் ஒரு லாரிப் பட்டறையைக் கடக்கையில், எண்ணெயில் தோய்ந்த சூட்டிரும்பின் வாசம், ஒருகாலத்தில் விழுப்புரம் ரயில்வே கேட்டருகே இருந்த, இன்று கடைகளாகிவிட்ட அப்பாவின் உலைக்கு என்னைக் கொண்டுபோனது.

தட்டி ஓசை கேட்டே இரும்பின் குணம் சொல்வார் அப்பா. பழைய அரத்தின் இரும்பு கூர்பிடிக்கும், அடி தாங்காமல் ஒடியும். லாரிச் சக்கரத்துக்கு மேலிருக்கும் வில்பட்டை வளைந்து நிமிரும், ஒடியாது. பங்காளிச் சண்டையிலிருந்த மாமன் மெலிசாக, உடையாத கத்தி கேட்டபோது வில்பட்டையைத்தான் எடுத்தார்.

“அரத்துலயே அடிச்சிக் குடுங்க. ஒடஞ்சி போவட்டும். எந்தம்பி கொலகாரனா ஆவ வேணாம்” என்று அம்மா அழுதாள். அப்பா அரத்தை உலையில் வைத்தார். அம்மாவே துருத்தி ஊதினாள்.

சந்தையில் முதல் வீச்சிலேயே அது ஒடிந்தது. எதிராளியின் கத்தி ஒடியவில்லை.

“நல்ல இரும்பா பாத்துப் போடக் கூடாதாண்ணா?” என்று மாமன் மனைவி பிணத்தருகே கதறினாள். அம்மா வாய்திறக்குமுன் அப்பா சொன்னார்:

“நாந்தான் தப்பாப் பாத்துட்டன்மா.”