சீனத் தோட்டத்தில் சரசு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நெய்வேலி சுரங்கத்தில் எத்தனையோ நைட் ஷிஃப்ட் பார்த்தவன், ஒரு நாளும் எதையும் கண்டதில்லை. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்தது பட்டப்பகலில், அதுவும் சிங்கப்பூரில்.

என் மனைவி சரசு மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த மறு வருஷம், எண்பதுகளின் தொடக்கம். குவார்ட்டர்ஸில் தனியாகக் கிடந்தவனை, சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா வற்புறுத்தி வரவழைத்தாள். மெட்ராஸில் கப்பலேறிப் போனேன். அக்கா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அங்கே போனவள், சரசுவைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சீனத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். குளத்தின் மேல் வளைந்த வெள்ளைப் பாலம், கல் சிங்கங்கள், அடுக்கடுக்காக ஒரு கோபுரம், சுவரில் முழு நிலா போல வட்டமாக வெட்டிய வாசல். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை, வழக்கம் போல விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். அந்த வட்ட வாசலுக்குப் பக்கத்தில் கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவி திடீரென்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அக்காவுக்கு மலாய் தெரியும், கிழவிக்கும் தெரியும் போல. பேசப் பேச அக்காவின் முகம் வெளுத்துப் போனது.

"இன்னாக்கா சொல்லுது?"

"உன்னத் திட்டுதுடா. பொண்டாட்டி பின்னாடி கால இழுத்துக்கினு வர்றா, நீ பாட்டுக்கு ஓடறியேன்னு கேக்குது."

கிழவி எழுந்து, வலது தொடையில் கையை ஊன்றி, காலை இழுத்து நடந்தே காட்டினாள். சின்ன வயதில் கிணற்றுப் படியில் விழுந்ததிலிருந்து சரசு அப்படித்தான் நடப்பாள். அக்காவுக்கு அது தெரியாது, நான் எழுதியதும் இல்லை. வடலூர் பூசத்துக்குப் போகும்போதெல்லாம் "என்னங்க, கொஞ்சம் மெல்ல நடங்க" என்று பின்னாலிருந்து அவள் குரல் வரும்.

நம்பினால் நம்புங்கள், திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அந்தப் பாலத்தின் மேல் அடி அடியாகத்தான் நடந்தேன், அழுதுகொண்டே நடந்தேன். அக்கா எனக்குப் பின்னால் ஓர் ஆள் இடம் விட்டு வந்தாள்.

சுற்றிவிட்டு வெளியே கிளம்பும்போது கிழவி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை, மெதுவாக ஏதோ சொன்னாள்.

"அவ உக்காந்துட்டாளாம்டா. இதுக்கு மேல நடக்க முடியாதாம். உன்னப் போவச் சொல்லுது."

"எப்பிடிக்கா வுட்டுட்டுப் போறது?"

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதுவரை சரசு அடிக்கடி என் கனவில் வருவாள், அடுப்படியில் ஏதாவது செய்துகொண்டிருப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். நெய்வேலிக்குத் திரும்பிய பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. அவள் நிம்மதியாகிவிட்டாள் என்று அக்கா எழுதினாள். இருக்கலாம். ஆனால் கடலூரைத் தாண்டி எங்கும் போகாதவள் அவள், தமிழைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. சாயங்காலம் அந்தத் தோட்டத்தைப் பூட்டும்போது அவளிடம் யார், எந்தப் பாஷையில் கிளம்பச் சொல்லுவார்கள்?