மஞ்சள் பட்டையும் எட்டுப் பொருத்தமும்

எங்கள் வீட்டில் எனக்கு நம்பாத ஆள் என்று பெயர். வாசல் படலையைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். பத்தடி நடந்தபின் திரும்பி வந்து மூன்றாம் தரமும் இழுப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் சிரித்துக் கதைத்தால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அம்மாவும் இப்படித்தான். மீன்காரர் இப்போதுதான் பிடித்தது என்று சத்தியம் பண்ணினாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். தங்கச்சி ஒருத்திதான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பாள். அவளுக்குச் சூதுவாது தெரியாது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணம் நகரில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒருநாள் சுற்றறிக்கை என்ற பெயரில் அங்கே மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. திறந்தவுடன் மேலே மஞ்சள் பட்டை ஒன்று தோன்றும்: இதற்குள் மாக்ரோ இருக்கிறது, முடக்கி வைத்திருக்கிறோம், இயக்கவா? மாக்ரோ என்பது ஆவணத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன நிரல். அனுமதி கொடுத்தால் தன் பாட்டில் வேலை செய்யும். நல்லவர் எழுதினால் நல்ல வேலை செய்யும், கெட்டவர் எழுதினால் சொல்லத் தேவையில்லை. எங்கள் அலுவலர் ஒருவர் வாசிக்கவே இல்லை, இயக்கு என்பதை அழுத்திவிட்டார். பின்னேரத் தேநீர் வருவதற்குள் ஒரு கோப்பும் திறக்கவில்லை. இரண்டு கிழமை விசாரணை நடந்தது. அழுத்தியவரை விட்டுவிட்டு என்னைத்தான் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அந்தக் கோபத்தில் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து அமைப்பை மாற்றினேன். அந்த அமைப்பு இருக்கும் இடத்துக்கு மென்பொருள்காரர் நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அங்கே நாலு தெரிவு. ஆகக் கடுமையானது முதலாவது: எல்லா மாக்ரோவையும் முடக்கு, அறிவிக்கவும் வேண்டாம். மஞ்சள் பட்டையே வராது, ஒருவரும் எதையும் அழுத்தவும் முடியாது. மனிதரைக் கேட்டால்தானே மனிதர் பிழை விடுவார்?

உடுவிலில் எங்கள் வீட்டுக் கணினியையும் நான் விடவில்லை. முழுதாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, அதே பூட்டைப் போட்டேன். தங்கச்சி கணித ஆசிரியை. அந்தக் கணினியில்தான் வினாத்தாள் தயாரிப்பாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டாள்.

"அண்ணை, உந்த மஞ்சள் கோடு இப்ப வாறேல்லையே?"

"வராது. அடியோடை நிப்பாட்டிப்போட்டன். உள்ளுக்கை என்ன கிடந்தாலும் இனி ஓடாது. எங்களைக் கேக்கவும் மாட்டுது."

"எல்லாத்துக்குமோ?"

"எல்லாத்துக்கும்தான். ஆர் அனுப்பினாலும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நான் எவ்வளவு பெருமையாக இதைச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. ஏழு சம்பந்தம் பேசி ஏழும் குழம்பியிருந்தன. குழப்பியது ஆட்கள் அல்ல, கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய எக்செல் தாள். மாமா ஓய்வுபெற்ற நில அளவையாளர், சாதகம் பார்க்கும் சாத்திரத்திலும் பிடிப்புள்ளவர். பெண்ணின் நட்சத்திரத்தையும் மாப்பிள்ளையின் நட்சத்திரத்தையும் கொடுத்தால் பத்துப் பொருத்தமும் கீழே தானாக விழும்படி அதைச் செய்து சொந்தக்காரர் எல்லாருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு எங்கள் ஊர்ச் சாத்திரியாரில் நம்பிக்கை போய்விட்டது. சொந்தத்தில் வேறொரு பிள்ளையின் சம்பந்தத்துக்கு அவர் முதலில் ஓம் என்று சொல்லி, பத்து நாளில் இல்லை என்று மாற்றினார். மற்றப் பகுதியார் ஆள் வைத்துச் சொல்வித்திருப்பார்கள் என்பது அம்மாவின் முடிவு. கணினிக்கு ஒருவரும் காதுக்குள் ஓத முடியாது, ஆனபடியால் தாள் சொல்வதே முடிவாயிற்று. நாலு, மூன்று, ஐந்து என்று அது சொல்லச் சொல்ல, தங்கச்சி சாதகக் குறிப்புகளை மடித்து உறைக்குள் வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எட்டாவது சம்பந்தத்தைப் புரோக்கர் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சாவகச்சேரிப் பக்கம், அவரும் ஆசிரியர். எனக்கு உடனே மூக்கில் வியர்த்தது. இந்தப் புரோக்கர் மூன்று வருடமாக எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காதவர், திடீரென்று எப்படி நேரே எங்கள் படலையில் வந்து நிற்கிறார்? மாப்பிள்ளையின் தாய் தகப்பன் இல்லை, தமக்கை ஒருவர் மட்டும். அவர் சொல்லி அனுப்பியிருந்தார்: "நாங்கள் பொருத்தம் பாக்கிறேல்லை. நீங்கள் பாத்துத் திருப்தியெண்டால் சரி." பொருத்தம் பார்க்காத சைவக் குடும்பமா? இதில் ஏதோ இருக்கிறது என்று இரண்டு சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் சாவகச்சேரிக்குப் போனேன். கடையில் விசாரித்தேன், கோயிலடியில் விசாரித்தேன், அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக் காவலாளியிடமும் கதை விட்டுப் பார்த்தேன். குடியில்லை, கடனில்லை, வேறு தொடர்பில்லை. இவ்வளவு நல்லவராக ஒருவர் இருப்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நான் விசாரிக்கத் தவறியது ஒன்றுதான். முந்தின வருடம் பரீட்சை விடைத்தாள் திருத்தும் நிலையத்தில் அவரும் என் தங்கச்சியும் பத்து நாள் ஒரே மேசையில் இருந்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிறு காலை பொருத்தம் பார்த்தோம். அம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். தங்கச்சி, தானே அடிப்பதாகச் சொன்னாள். தன் நட்சத்திரத்தைப் போட்டாள், அவருடையதைப் போட்டாள், கையை எடுத்தாள். கீழே பச்சை எழுத்தில் பத்துக்கு எட்டு, உத்தமம் என்று இருந்தது. அம்மா எழும்பிச் சாமி அறைக்குப் போனார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்? உலகத்தில் எல்லாவற்றையும் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற நான், அந்த எட்டை ஒரு தரமும் இழுத்துப் பார்க்கவில்லை. வேண்டிய எண் வந்துவிட்டது. அது போதுமாக இருந்தது.

கலியாணம் நடந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். மச்சான் வாய் அதிகம் திறக்காத மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் பூட்டிய படலையைத் தானும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார், என்னைச் சந்தோஷப்படுத்த. இரண்டு வருடத்தில் அவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. என் சரித்திரத்தில் அது பெரிய விஷயம்.

மூன்றாம் வருட மாரி மழைக்குள் அவருக்கு டெங்கு வந்தது. முதல் இரண்டு நாள் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம், நாலாம் நாள் பிளேட்லெட் சரசரவென்று இறங்கி அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தங்கச்சி அங்கேயே நின்றாள். நான் அவளுக்கு மாற்று உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உந்தத் தாளை ஒருக்கால் எடு. எட்டெண்டுதானே போட்டது? என்ரை கண் முன்னாலை திரும்பப் போட்டுக் காட்டு."

அந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா என்று எரிச்சல் வந்தது. ஆனால் அவர் அதற்குள் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டார், நான் கணினியைப் போட்டேன். தாளைத் திறந்தேன். பச்சை எழுத்தில் எட்டு. இரண்டு நட்சத்திரத்தையும் திரும்ப அடித்தேன். எட்டு. அவசரத்தில் மச்சானுடைய நட்சத்திரத்துக்குப் பதில் பட்டியலில் அதற்கு மேலே இருந்ததைத் தெரிவுசெய்துவிட்டேன். அப்போதும் எட்டு. திருத்துவதற்குப் போன கை அப்படியே நின்றது. வேறொன்றைப் போட்டுப் பார்த்தேன். எட்டு. இன்னொன்று. எட்டு.

எனக்கு விளங்கிவிட்டது. பொருத்தத்தைக் கணக்குப் பார்ப்பது தாளுக்குள் இருக்கும் மாக்ரோ. முன்பு மஞ்சள் பட்டை கேட்கும், அம்மாவோ நானோ இயக்கு என்று கொடுப்போம், ஏழு சம்பந்தமும் அப்படித்தான் பார்த்தது. நான் கணினியைத் துடைத்துப் புதிதாக இறக்கிய தாள், மாமா அனுப்பியபோது எப்படி இருந்ததோ அப்படியே கிடந்திருக்கிறது. அந்த எட்டு, உதாரணத்துக்காக அவர் பார்த்து வைத்த தன் மகளுடைய பொருத்தம்; தாளை அனுப்பியபோதே சொல்லியிருந்தார். அந்த மகள் புருஷனைப் பிரிந்து தனியாக இருப்பதும் எங்களுக்குத் தெரியும்.

"என்னடா செய்யிறாய்? சொல்லன்."

"பொறுங்கோ அம்மா, கணினி மெதுவாக் கிடக்கு."

அப்போதே மூடியிருக்கலாம். முடியவில்லை. நம்பிக்கை மையத்துக்குப் போய் அமைப்பை மாற்றி, தாளை மூடித் திரும்பத் திறந்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு மஞ்சள் பட்டை வந்தது. இயக்கு என்பதை நானே அழுத்தினேன். இரண்டு நட்சத்திரத்தையும் போட்டேன். எண்கள் துடித்து மாறின. பத்துக்கு நாலு. ரச்சு என்ற வரிக்கு எதிரே சிவப்பில் இல்லை என்று வந்தது. மற்றப் பொருத்தம் எது பிழைத்தாலும் சமாளிக்கலாம், ரச்சு பிழைத்தால் புருஷனுடைய உயிருக்கு ஆகாது என்பார்கள். தாலிப் பொருத்தம் என்று அதற்கு இன்னொரு பெயரும் இருக்கிறது.

எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டதும் திரையை அம்மாவின் பக்கத்திலிருந்து திருப்பிவிட்டேன். அம்மாவின் கண்ணாடி சாமி அறையில் இருந்தது நல்லகாலம்.

"எத்தினை?"

"எட்டு, அம்மா."

"ரச்சு?"

"இருக்கு."

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தங்கச்சியின் உடுப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் தங்கச்சி மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நான் உடுப்புப் பையைக் கொடுத்தேன். இந்த நேரத்தில் கேட்கக்கூடாது என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன், ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"அண்டைக்குத் தாள் ஓடேல்லையெண்டு உனக்குத் தெரியுமோ?"

அவள் மறைக்கவில்லை. "ஓம். நீங்கள்தானே சொன்னனீங்கள், எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டனெண்டு."

"தெரிஞ்சு கொண்டோ செய்தனி?"

"ஏழு பேரை அது வேண்டாமெண்டது, அண்ணை. ஒருதரையும் எனக்குப் பிடிச்சிருக்கோ எண்டு நீங்கள் கேட்டனீங்களோ? அம்மா கேட்டவவோ? இந்தாளைப் பற்றி அதைக் கேக்க எனக்கு விருப்பமில்லை. நீங்களும் அதைக் கேக்க விடாமல் பூட்டி வைச்சிருந்தியள். நான் பேசாமல் இருந்தன்."

சின்ன வயதிலிருந்தே இந்த உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் இவள்தான். அதை நினைக்கக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. அந்த ஏழு உறைகளையும் இவள் மடித்தபோது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

உள்ளேயிருந்து ஒரு தாதி வெளியே வந்தார், எங்களைப் பார்க்காமல் போனார். தங்கச்சி என் சட்டைக் கையைப் பிடித்தாள். அவள் சின்னப் பிள்ளையில் பிடித்தபிறகு அப்படிப் பிடித்ததில்லை.

"அண்ணை, நான் ஒருநாளும் ஓட விட்டுப் பாக்கேல்லை. சத்தியமாப் பாக்கேல்லை. நீங்கள் இப்ப பாத்தனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை?"

தான் செய்த வேலைதான் உள்ளே அந்த மனிதரைப் படுக்கையில் போட்டுவிட்டது என்று இந்தப் பெண் இரண்டு நாளாக ஒருவரிடமும் சொல்லாமல் அந்த வாங்கில் இருந்திருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எட்டு," என்றேன்.

"உண்மையாவோ?"

"வேறை நட்சத்திரம் போட்டுப் பாத்தன், எண் மாறினது. இரண்டு தரம் பாத்தன். என்னைத் தெரியும்தானே, நான் இரண்டு தரம் பாக்காமல் சொல்லுவனோ? எட்டுத்தான். ரச்சும் இருக்கு."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைதானே. பிறகு முகத்தை என் தோளில் வைத்து, சத்தம் போட்டு அழுதாள்.

ஆறாம் நாள் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. பத்தாம் நாள் மச்சான் வீட்டுக்கு வந்தார், வந்தவுடன் கத்தரிக்காய்க் குழம்பு கேட்டார். எட்டுப் பொருத்தம் ஒருநாளும் கைவிடாது என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொந்தத்தில் யாருக்காவது சம்பந்தம் வந்தால், உங்கள் வீட்டுக் கணினியில் பார்த்துச் சொல்லுங்கள் என்று குறிப்பை அனுப்புகிறார்கள். நான் முதலில் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து, ஆளைப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிறேன். பிடித்திருக்கிறது என்றால் கணினியில் திரும்பப் போட்ட பூட்டில் நான் கை வைப்பதில்லை, எட்டு வரும்.

மச்சானுக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். போகும்போது ஹெல்மெட்டின் வாரை இறுக்கினாரா என்று நான் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பேன். படலை வரைக்கும் போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். ஏன் மச்சான் என்று அவர் சிரிப்பார். தங்கச்சி சிரிப்பதில்லை. பின் ஆசனத்தில் இருந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.